முகத்தோடு சேர்த்துப் பின்னிய குல்லாய்

அந்தக் காலத்தில், விலங்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டும், வேண்டியபோது ஒன்றையொன்று நையாண்டி செய்துகொண்டும் வாழ்ந்துவந்தபோது, மேற்கு மலையின் சோலைக்காட்டில் இழையாத்தாள் என்னும் மந்தி இருந்தாள். அன்று அவள் இனத்தாருக்கு உச்சி முதல் வாலின் நுனிவரை கருமை ஒன்றே நிறம். முகத்தைச் சுற்றி இன்று நாம் காணும் வெள்ளிநிறப் பிடரிமயிர் அவர்களுக்கு அப்போது இல்லை.

இழையாத்தாளின் பின்னல்வேலை மலை முழுவதும் பேர்பெற்றது. அடிவாரத்து இலவம் பஞ்சைச் சிலந்தி இழைபோல் நூற்று, மூங்கில் ஊசிகளில் கண்ணி கோத்து, ஊதினால் பறந்துவிடும் என்று தோன்றுகிற போர்வைகளையும் குல்லாய்களையும் பின்னுவாள். ஒரு போர்வை முடிவதற்குள் மழைக்காலம் போய்க் கோடையும் வந்துவிடும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, பின்னி முடித்தபின் நூலின் கடைசி நுனியைக் கண்ணிகளுக்குள் செலுத்தி ஒளித்துவைப்பதில்தான் அவளுடைய பெருமை அடங்கியிருந்தது. நுனி வெளியே தெரிகிற வேலை வேலையே அன்று என்பாள். மேல்கிளையில் குடியிருந்த மலையணில் ஒருமுறை அவளிடம் பந்தயம் கட்டி, ஒரு போர்வையைப் பகல் முழுவதும் புரட்டிப் பார்த்தும் நுனியைக் காணாமல் தோற்றுப்போனது.

பனிக்காலத்தில் ஒரு நாள் உச்சிவேளைக்குப் பின், சோலைக்கு மேலிருந்த புல்வெளியிலிருந்து முகடன் என்னும் வரையாடு இறங்கிவந்தான். அவன் கொம்புகளில் சாம்பல்நிற உரோமத் திரள் ஒன்று பொதியாகத் தொங்கிற்று. காலையில்தான் அவன் மனைவி ஒரு குட்டியை ஈன்றிருந்தாள். வானம் துடைத்துவைத்தாற்போல் தெளிந்திருந்தது; காற்றும் நின்றுவிட்டது. அன்று உறைபனி விழும் என்பதற்கு வேறு அறிகுறி வேண்டியிருக்கவில்லை. சென்ற பனிக்காலத்தில் பிறந்த அவர்களுடைய முதற்குட்டி, காது விறைத்து, விடியுமுன் கண்ணை மூடியிருந்தது.

குட்டியின் காதையும் கழுத்தையும் மூட ஏதேனும் பின்னித்தர வேண்டும் என்று முகடன் கேட்டான். தானும் மனைவியும் பாறைகளில் உராய்ந்து உதிர்த்த உரோமம் முழுவதையும் பொறுக்கிக்கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னான்.

இழையாத்தாள் அந்தத் திரளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். இதை இழையாக நூற்கவே அடுத்த மழை வந்துவிடும் என்றாள்.

"இழையாக வேண்டாம் அக்கா. கயிறுபோல் தடிமனாகவே முறுக்குங்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்தால் போதும்."

"தடிநூலா? தம்பி, கயிறு திரிக்கிறவளைத் தேடி வந்தவன் வழி தவறி என்னிடம் வந்துவிட்டாயோ?"

மேல்கிளையிலிருந்து மலையணில் சிரித்தது. முகடன் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. பொதியைக் கீழே வைத்துவிட்டு, குட்டி குளிரில் எப்படித் தும்முகிறது என்று மட்டும் சொன்னான். மற்றக் குட்டிகளைப்போல் துள்ளிக்கொண்டு தும்மவில்லையாம். தும்மிவிட்டுத் தன் தாயை நிமிர்ந்து பார்க்கிறதாம்.

இழையாத்தாள் மூங்கில் ஊசிகளை மரப்பொந்தில் செருகிவிட்டு, விரல் பருமனுள்ள இரண்டு குறிஞ்சிக் குச்சிகளை ஒடித்துப் பட்டையுரித்தாள். உரோமத்தைத் தொடையில் வைத்து உருட்டி, தடித்த நூலாக முறுக்கிக்கொண்டே அவனோடு புல்வெளிக்கு நடந்தாள்.

பாறையடியில் உட்கார்ந்து பின்னத் தொடங்கியவளுக்கு வியப்பாயிருந்தது. மெல்லிய நூலில் ஒரு காலை முழுவதும் பாடுபட்டாலும் அவளால் விரலகலம் தாண்ட முடியாது. இங்கோ, நாலு கண்ணி ஏற்றுவதற்குள் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. கைக்குள் கதகதவென்று ஏதோ உயிருள்ள ஒன்று புரள்வதுபோல் இருந்தது. அளவு பார்க்க அவளுக்கு ஒரே வழக்கம்தான் உண்டு: தன் முகத்தில் வைத்துப் பார்ப்பது. இதுவரை தன் இனத்தாருக்கே பின்னியவள் அல்லவா? அவசரத்தில் இம்முறை கழற்றி மாட்டவும் மனமில்லாமல், பின்னலை முகத்தைச் சுற்றி விட்டபடியே வளர்த்து, மோவாயின் கீழ் கொண்டுவந்து கண்ணிகளை மூடினாள். கை தன் பழக்கத்தை விடவில்லை. கடைசி நுனியை எடுத்து, உள்ளே, இன்னும் உள்ளே என்று செலுத்தி ஒளித்துவைத்தது.

குல்லாயைக் கழற்றப் போனாள். அது வரவில்லை.

மெல்லிய நூலென்றால் இழுத்த இழுப்புக்கு நெகிழ்ந்திருக்கும். தடிநூல் பிடித்த பிடியை விடவில்லை. நுனியைத் தேடினாள், தன் முகம் தனக்குத் தெரியுமா? வேடிக்கை பார்க்கப் பின்தொடர்ந்து வந்திருந்த மலையணில், முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியது.

"அத்தை, உங்கள் வேலை வழக்கம்போல் அருமை. நுனி எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டால் நல்லது" என்றது.

பல்லால் கடித்து அறுத்துவிடலாமா என்றும் கேட்டது. அறுத்தால் நூல் துண்டு துண்டாகும், எதற்கும் உதவாது. கண்ணி கண்ணியாகத் தேடினாலோ, வெயில் இறங்கிவிடும். எதிர்ச்சரிவின் நிழல் புல்லின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. குட்டி ஒருமுறை தும்மியது. பிறகு, முகடன் சொன்னபடியே, நிமிர்ந்து தாயைப் பார்த்தது.

இழையாத்தாள் கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"இது இங்கேயே கிடக்கட்டும். வேறு உரோமம் இருக்கிறதா?"

உதிர்ந்தது ஒன்றும் மிச்சமில்லை. முகடன் அவள்முன் முழங்காலை மடித்துப் படுத்தான். தன் முதுகைக் காட்டினான். உறைபனி விழப்போகிற நேரத்தில் வெற்று முதுகோடு நிற்பாயா என்று அவள் தயங்கினாள்.

"என் முதுகு பனியில் பழகியது அக்கா. அதன் காது இன்னும் பழகவில்லை" என்றான்.

அவள் விரல்களால் கோதிக் கோதி எடுத்தாள். முறுக்கினாள். குட்டியை மடியில் கிடத்தி, இம்முறை அதன் தலையிலேயே அளவெடுத்துப் பின்னினாள். காதுகள் இரண்டும் உள்ளே அடங்கின, கழுத்தும் மறைந்தது. முடிவில் நூல் நுனி கையில் வந்தபோது சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒளிக்காமல், குட்டியின் கழுத்தருகே எல்லாரும் பார்க்கும்படி நீளமாகத் தொங்கவிட்டாள். மலையணில் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அவள் பார்த்த பார்வையில் சொல்லாமல் விட்டது.

பொழுது சாய்ந்தது. உறைபனி விழுந்தது. முகடனின் வெற்று முதுகை மனைவி தன் உடலால் அணைத்துக்கொண்டாள். நடுவில் குட்டி படுத்துக்கொண்டது. காலையில் புல்வெளி முழுவதும் வெள்ளையாய் விறைத்துக் கிடக்க, அந்தக் குட்டி மட்டும், குல்லாயின் நுனி அசைய, தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பனிக்காலம் கழிந்ததும் முகடன் நுனியைப் பற்றி ஒரே இழுப்பில் குட்டியின் குல்லாயைப் பிரித்துவிட்டான். இழையாத்தாளின் குல்லாய்க்கு அந்த வழியில்லை. கண்ணிகளின் ஊடே அவளுடைய சொந்த உரோமம் வளர்ந்து, எது கம்பளி, எது மந்தி என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டது. சோலையின் ஓடைநீரில் தன்னைப் பார்த்துக்கொண்ட அன்று அவள் மலையணிலிடம் சொன்னது இவ்வளவுதான்: கதகதப்பாக இருக்கிறது, பின்னல் ஓரமும் நேராகவே இருக்கிறது. அதன்பிறகு அவள் தடிநூலைக் கேலி பேசியதில்லை. பனி கண்ட வீடுகளுக்கெல்லாம் ஒரே பொழுதில் குல்லாய்களும் கழுத்துத் துணிகளும் பின்னிக் கொடுத்துக்கொண்டு நிறைவாக வாழ்ந்தாள்.

அன்று முதல்தான், வரையாடுகளில் கடா முதிர்ந்து தந்தையாகும் பருவத்தில் அதன் முதுகில் வெள்ளிநிறத் திட்டு ஒன்று தோன்றுகிறது. சோலைமந்தியின் குட்டி வெறும் கருமுகத்தோடு பிறந்தாலும், வளர வளர, யாராலும் நுனி கண்டுபிடிக்க முடியாத அந்தக் குல்லாய் அதன் முகத்தைச் சுற்றித் தானே வந்து அமர்ந்துகொள்கிறது.