மூன்று மணி ஊசி

ஜெயசீலி நாற்பத்து மூன்று வயதில் நர்ஸ் வேலைக்கு வந்தவள். தீராத புற்றுநோய்க்காரர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் விடுதி அது. அங்கே அவளுக்குத் தொழில் சொல்லித்தந்த தலைமை நர்ஸ் தேவநேசனோ அவளைவிடப் பத்து வயது இளையவன். அவள் ‘சார்’ என்பாள், அவன் ‘அக்கா’ என்பான். குருவும் சிஷ்யையும் இப்படியும் அமைவதுண்டு.

அன்று அவள் கடுகடுவென்று வந்தாள்.

“ஏழாம் கட்டில் லாரி டிரைவர் பொய் சொல்றார் சார். மூணு மணிக்கு வலி எத்தனைன்னு கேட்டா சைபர்ங்கிறார், ஊசி வேண்டாங்கிறார். ஆறு மணிக்குக் கேட்டா பத்துக்கு ஒம்பதுங்கிறார். மூணு மணி ஊசியை நாளையிலிருந்து நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நான் எதை நம்ப?”

“இன்னிக்கு ஒண்ணும் கேக்காதீங்கக்கா. மூணு மணிக்குப் போய்ப் பக்கத்துல உக்காருங்க.”

இதெல்லாம் ஒரு பதிலா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். போய் உட்காரவும் செய்தாள்.

டிரைவர் வேலாயுதம் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. வியர்வை காதுக்குள் வழிந்தது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

மூன்றிலிருந்து ஐந்துவரை பார்வையாளர் நேரம். மற்றக் கட்டில்களுக்கு ஆட்கள் வந்தார்கள், பழம் நறுக்கினார்கள், ஊர்க்கதை பேசினார்கள். இவரைத் தேடி இத்தனை நாளில் ஒருவரும் வந்ததில்லை. ஜெயசீலிக்குத் தான் வீடு திரும்பும்போது கதவைத் திறக்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வெகுநேரம் கழித்து அவரே பேசினார். கண் வாசலில்தான் இருந்தது.

“ஊசி போட்டா தூங்கிருவேன் தாயி. மவ வந்து எட்டிப் பாத்துட்டு, அப்பா தூங்குறாருன்னு திரும்பிப் போயிருச்சுன்னா?”

“வரேன்னு சொல்லியிருக்காங்களா?”

“இல்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவநேசனிடம் வந்தாள்.

“பொய்யில்ல சார். இப்பவும் வலி உயிர் போகுது அவருக்கு. ஊசி போட்டா மக வர்ற நேரம் தூங்கிருவார். போடாம விட்டா இப்படியே துடிப்பார். நான் என்னதான் செய்யட்டும்?”

தேவநேசன் ஊசி மருந்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“மக வந்தா நான் எழுப்பிவிடுறேன்னு நம்மள்ல யாராவது அவர்கிட்ட சொல்லியிருக்கோமாக்கா?”