உப்பு போட்டாச்சா?

அந்த மடத்து மடைப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் படைக்கும்வரை சமைத்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்பு சரியா என்று நாக்கில் தொட்டுப் பார்க்கவும் கூடாது. சமையல்காரர் நாகலிங்கம் பல வருஷமாகக் கைப்பழக்கத்திலேயே சமைத்து வந்தார். யாரும் குறை சொன்னதில்லை.

தை மாசம் மடைப்பள்ளி மேற்பார்வை சீடன் மெய்கண்டானிடம் வந்தது. சந்தேகம் அவனுக்குப் பிறவிக் குணம். கோயில் மணி அடித்தால்கூட, அடித்தது யார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவான். அவன் வந்ததிலிருந்து புளியோதரை கரிக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் குருவிடம் போய் நின்றான்.

"நாகலிங்கத்தை நிறுத்திடணும் சாமி. வேணும்னே உப்பை அள்ளிக் கொட்டறார்."

"வேணும்னேயா?"

"நான் கண்காணிக்கிறது அவருக்குப் பிடிக்கலை. பழி வாங்கறார். இன்னைக்கே அனுப்பிடலாம்."

நாகலிங்கத்துக்கு இந்த மடத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. அது மெய்கண்டானுக்கும் தெரியும்.

"ருசி பார்க்கக் கூடாதே. எப்படிக் கண்காணிக்கிறே?"

"பக்கத்துலயே நிக்கறேன். உப்பு போட்டாச்சான்னு கேக்கறேன். போட்டேன்பார். முகத்தைப் பார்த்தா நம்பற மாதிரி இருக்காது. திரும்பக் கேப்பேன். நான் இல்லாதப்போ பார்த்துக்கச் சொல்லி, கூடமாட வேலை செய்யற சடையப்பனை வெச்சிருக்கேன்."

"சடையப்பனை நம்பறியா?"

"அவன் மேலயும் ஒரு கண் வெச்சிருக்கேன் சாமி."

குரு இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். படையல் அப்போதுதான் முடிந்திருந்தது. நாகலிங்கம் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து நின்றார்.

"இன்னைக்கு உப்பு எப்போ போட்டீங்க?"

"புளிக்காய்ச்சல் கொதிக்கறப்போ போட்டேன் சாமி. சின்ன சாமி கேட்டாங்க, போட்டேன்னேன். திரும்பவும் கேட்டாங்க. போட்டோமா இல்லையான்னு எனக்கே குழம்பிப் போச்சு. இன்னொரு கை போட்டேன். என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு சாமி."

சடையப்பன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் முழிச்ச முழியைப் பார்த்தா போடலைன்னுதான் தோணுச்சு. பழி என் தலையில விடியுமேன்னு நானும் ஒரு கை போட்டேன்."

குரு சீடன் பக்கம் திரும்பினார்.

"நீ?"

மெய்கண்டான் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"இவங்க ரெண்டு பேரையும் நம்ப முடியலை. கடைசியா நானும் ஒரு கை போட்டேன்."

குரு மற்ற இருவரையும் போகச் சொன்னார். கூடத்தில் பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

"அப்போ மேற்பார்வையே வேண்டாங்கறீங்களா சாமி?" அப்போதும் அவன் குரலில் சந்தேகம்தான்.

"வேணும். ஆனா அடுப்படியில நிக்காதே, பந்தியில உட்காரு. இன்னைக்குப் புளியோதரையை ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிடு. அப்புறம் வந்து சொல்லு, யாரை நிறுத்தலாம்னு."