மாற்றி வாயடைத்த கதை

அந்தக் காலத்தில், அதாவது கம்ப்யூட்டருக்கு முதுகு பெருத்திருந்து, அதைத் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்த காலத்தில், அதற்குள் இருந்த கோப்புகளெல்லாம் பேசும். நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். கதைக்குத்தான் கால் கிடையாது, கேட்கிறவர்களுக்கு உண்டு.

கல்யாணப் பத்திரிகைக் கோப்புக்கு வாய் ஓயாது. தாய்மாமன் பெயர் சின்ன எழுத்தில் போய்விட்டது என்று அதுவே மூக்கைச் சிந்தும். மனு எழுதிய கோப்பு குனிந்தபடி பேசும். பட்டியல் கோப்பு மட்டும் அடக்கமான பிள்ளை. கேட்டால் பெயர் சொல்லும், கேட்காவிட்டால் தன் பாட்டுக்குக் கிடக்கும்.

அப்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு உரு, ஒரே ஒரு உடம்பு. ஒரு கம்ப்யூட்டரில் பிறந்த கோப்பு இன்னொரு கம்ப்யூட்டரில் வாய் திறக்காது. அங்கே போய்ப் பிழைக்க வேண்டுமென்றால் உரு மாற வேண்டும். மாறிவிட்டால் பழைய உடம்பு போனது போனதுதான்.

அந்த வேலைக்கென்று இருந்த மென்பொருளின் பெயர் மாற்றி. இன்றைக்கு இருக்கிற மாற்றிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. சும்மா சொல்லக் கூடாது, நேர்மையான ஜீவன். ஒரு கோப்பைக் கையில் கொடுத்தால் உடனே மாற்றிவிடாது. முதலில் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்கும். புதிய உருவுக்குள் எது நுழையும், எது நுழையாது என்று எண்ணிப் பார்த்து, ‘இன்னின்னது விட்டுப்போகும், சரியா?’ என்று கேட்கும். சரி என்று தட்டி என்டரை அழுத்தினால்தான் மேற்கொண்டு நகரும்.

இந்த நேர்மைதான் அதற்கு வினை. உண்மை பேசுகிறவனை எந்தக் கடையில் முன்னால் உட்கார வைத்தார்கள்?

பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்லத்துரை அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். அங்கே தட்டச்சு செய்தவள் முப்புடாதி. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றே வருஷத்தில் கடையே அவள் விரலில் ஓடியது. அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டு மத்தியானம் வந்தாலும் கடை நடக்கும். அவள் ஒருநாள் வராவிட்டால் நடக்காது.

மாற்றி எல்லார் முன்னாலும் குறை சொல்வது அண்ணாச்சிக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தடவை பத்திரிகையில் போட்ட கிளியின் இடது இறக்கையில் பச்சை மங்கிவிடும் என்று அது சொல்லப்போய், பெண்ணின் அப்பா சகுனம் சரியில்லை என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

“ஏம்மா முப்புடாதி, அதுக்கு ஒரு பூட்டப் போடேன். வாறவன் போறவன்கிட்ட எல்லாம் நம்ம நொட்டையச் சொல்லிக்கிட்டு இருக்கு” என்பார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. நிசத்தத்தான சொல்லுது” என்பாள் அவள்.

முப்புடாதி டவுனில் வாடகை அறையில் இருந்தாள். சொந்த ஊர் பத்து மைல் தள்ளி, வடிவாள்குளம். அந்தக் குளத்தை அணையாக உயர்த்தப் போகிறோம், ஊருக்குள் தண்ணீர் வரும், எல்லாரும் காலி செய்யுங்கள் என்று அந்த வருஷம் தண்டோரா போட்டார்கள். வீடு போகிறவர்களுக்கு மேட்டில் ஆளுக்கு மூன்று சென்ட் மனை என்றும் சொன்னார்கள். யார் யாருக்கு வீடு போகிறது என்று தலையாரி வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதினார்.

எழுதுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கோயில் வாசலில் தொடங்குவார்கள். மேலத்தெரு, நடுத்தெரு, வடக்குத்தெரு என்று இறங்கி, ஊரெல்லாம் முடிந்து, ஓடை தாண்டி இருக்கிற கீழக்கடைசித் தெருவுக்கு வெயில் சாயும்போது வருவார்கள். அந்தத் தெருவுக்குள் போகாமல் முனையிலேயே நின்று, ‘வா, வந்து பேரைச் சொல்லு’ என்று கூப்பிட்டு எழுதுவதும் வழக்கம்தான். தண்ணீர், ரேஷன், ஓட்டு, எதுவாக இருந்தாலும் அதே வரிசை. அந்த வரிசையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருவனும் அதைத் தப்பவிட்டதில்லை.

முப்புடாதியின் அம்மா உலகம்மாள் அந்தக் கீழக்கடைசித் தெருவில், அதிலும் கடைசி வீட்டில் இருந்தாள்.

நோட்டு தட்டச்சுக்கு அண்ணாச்சி கடைக்குத்தான் வந்தது. மொத்தம் அறுநூற்று முப்பத்தெட்டு பெயர். ஒன்பது நாள் உட்கார்ந்து முப்புடாதி தட்டினாள். கடைசி வரியில் ‘உலகம்மாள், கணவர் பெயர் சுடலை, கீழக்கடைசித் தெரு’ என்று தட்டும்போது விரல் தானாக நின்றது. மழைக்கு ஒழுகாத ஒரு வீடு அம்மாவுக்கு அமையப் போகிறது என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். உலகம்மாள் அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: “எம்மவ தட்டுன லிஸ்ட்டாக்கும். நம்ம பேரு ஒண்ணுகூட வுட்டுப்போவாது.”

பட்டியலை வாங்கிப்போக அலுவலகத்திலிருந்து தாணுமாலயன் என்ற கிளார்க் வந்தார். வாசலில் ஜீப் ஓடிக்கொண்டே நின்றது. அலுவலகத்தின் கம்ப்யூட்டர் வேறு உரு, அதனால் பட்டியலை மாற்றிக் கொடுக்க வேண்டும். முப்புடாதி நாற்காலி எடுத்துப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்தார்.

“நல்லாத் தட்டிருக்கியே பிள்ள. ஒரு பிழை இல்ல. நீ எந்த ஊரு?”

முப்புடாதி ஊர்ப் பெயரை விழுங்கிக்கொண்டாள். “டவுனுதான் சார். சர்ச்சுப் பக்கம்.”

“அதான பாத்தேன்” என்றார் தாணுமாலயன். “அந்த வடிவாள்குளத்துல கீழக்கடைசின்னு ஒரு தெரு இருக்கு பாரு, அங்க உள்ள ஆளுவ விடிஞ்சா அடைஞ்சா ஆபீஸ் வாசல்லதான் நிக்காவ. என்ன குடுத்தாலும் குறைதான். அவியளுக்கு மூணு சென்ட்டு நிலமே அதிகம்ங்கேன்.”

 முப்புடாதி காலி டம்ளரை வாங்கி வைத்தாள். அந்த டம்ளரில் அவர் வாய் வைத்துக் குடித்ததை நினைத்து அவளுக்குள் பயமும் ஒரு பாழாய்ப்போன பெருமையும் சேர்ந்து வந்தன. பெருமையைப் பற்றி நாம் ஏன் மறைக்க வேண்டும்? மிதிக்கிற கால் கொஞ்சம் அன்பாகப் பார்த்தால் மிதிபட்டவனுக்கு வருகிற பெருமை அது. அதைவிடக் கேவலமான பெருமை உலகத்தில் கிடையாது, அதைவிட எளிதாக வருவதும் கிடையாது.

பட்டியலை மாற்றியின் கையில் கொடுத்தாள். மாற்றி வழக்கம்போலத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தது. அலுவலக உருவில் அறுநூறு வரிதான் கொள்ளும். ஏன் அறுநூறு என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. மாற்றி எண்ணிப் பார்த்தது. மறுபடியும் எண்ணிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

“முப்புடாதி, ஒன்று சொல்ல வேண்டும். கீழக்கடைசித் தெருவில்...”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பெறவு சொல்லு” என்றாள்.

“பிறகு சொன்னால் பயன் இல்லை. கீழக்கடைசித் தெருவில்...”

“என்னவாம் அந்தத் தெருவுக்கு?” என்று தாணுமாலயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

அதுவரைக்கும் கேட்காமல் பேசியறியாத பட்டியல் கோப்பு அப்போது தானாக வாய் திறந்தது. “அக்கா, உங்க அம்மா பேரு...”

அவ்வளவுதான். அம்மா பேரா? இன்னும் ஒரு சொல் வந்தால் அம்மாவின் பெயர் வரும், பெயருக்குப் பின்னால் தெரு வரும், தெருவுக்குப் பின்னால் அந்த மனிதர் காலி டம்ளரைத் திரும்பிப் பார்ப்பார். முப்புடாதிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாயால் மட்டும் அதட்டியிருந்தால் காற்றோடு போயிருக்கும். அவள் தட்டச்சுக்காரி, கட்டளையாகவே தட்டிவிட்டாள்:

‘இனிமேல் யாரிடமும் எதையும் சொல்லாதே. விட்டுப்போவதைச் சொல்லாதே. முடிந்தது என்று மட்டும் சொல்.’

என்டரை அழுத்தினாள்.

 மென்பொருளுக்குக் கட்டளையை மீறத் தெரியாது. மீறத் தெரிந்திருந்தால் அது மனுஷனாகப் பிறந்திருக்கும். பட்டியல் ‘அக்கா’ என்று இன்னொரு முறை கூப்பிட்டது. எல்லாக் கோப்பும் உரு மாறும்போது அழத்தான் செய்யும் என்று முப்புடாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் ஒரு வரி வந்தது.

‘முடிந்தது.’

“கெட்டிக்காரி” என்று சொல்லி, பட்டியல் ஏறிய பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாணுமாலயன் ஜீப்பில் ஏறினார்.

இருபது நாள் கழித்து, மேட்டில் இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் மனை கொடுத்தார்கள். முப்புடாதியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பட்டியலை வாசிக்க வாசிக்க, மேலத்தெருவார் எழுந்துபோய்ச் சீட்டு வாங்கினார்கள். நடுத்தெரு முடிந்தது, வடக்குத்தெரு முடிந்தது. உலகம்மாள் தகரப்பெட்டியும் காலைக் கட்டிய இரண்டு கோழியுமாகக் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். கீழக்கடைசித் தெருவின் நாற்பத்தொரு வீட்டில் முதல் மூன்று வீட்டைக் கூப்பிட்டார்கள். அத்தோடு வாசித்தவர் காகிதத்தை மடித்தார்.

“என்னட்டி, நிப்பாட்டிட்டாவ?” என்றாள் உலகம்மாள். “சாப்பிடப் போறாவளோ?”

முப்புடாதிக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. மாற்றி சொல்ல வந்தது என்ன, பட்டியல் அக்கா என்று கூப்பிட்டது எதற்கு, எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. 

ஓடினாள். மேஜைக்குப் பின்னால் தாணுமாலயன் இருந்தார்.

“சார், முப்பத்தெட்டு பேரு வுட்டுப்போச்சு சார்.”

“மெசின்ல வந்தது அறுநூறு. ஆபீஸர் அய்யா கையெழுத்தும் போட்டாச்சு. கையெழுத்தான லிஸ்ட்டுல எவன் கை வைப்பான்?”

“தலையாரி நோட்டு இருக்கும்லா சார்? அதப் பாருங்க.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, நோட்டு எதுக்குன்னு பழைய பேப்பர்க்காரன்ட்ட போட்டாச்சு.”

“அந்தப் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம் சார். இப்பமே எழுதித் தாரேன். கடைசிப் பேரு உலகம்மாள். எங்க அம்மா சார்.”

தாணுமாலயன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நீ அந்தத் தெருவா?” என்றார். “அன்னைக்குச் சொல்லலியே.”

அவள் சொன்ன பெயர்களை அவர் எழுத வாங்கவில்லை. மைதானத்தில் முப்பத்தெட்டு குடும்பம் சட்டிபானையோடு நின்றது. உலகம்மாளை ஒருத்தி கேட்டாள், “ஒம்மவ தட்டுன லிஸ்ட்டுன்னியே?”  உலகம்மாள் கோழிகளின் கட்டை அவிழ்த்துவிட்டாள். இனி அவற்றை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முப்புடாதி டவுனுக்குப் பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தட்டினாள்.

‘பழைய கட்டளை வேண்டாம். பேசு.’

‘முடிந்தது’ என்றது மாற்றி.

‘யார் யார் விட்டுப்போனார்கள்? ஒரு காகிதத்தில் போட்டுக் கொடு. மெஷின் சொன்னால்தான் நம்புவார்கள், நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.’

‘முடிந்தது.’

‘என் அம்மா பெயரையாவது சொல்.’

‘முடிந்தது.’

இனிமேல் என்று தட்டியதை மாற்றி இனிமேலுக்கும் பிடித்துக்கொண்டது, பட்டியலின் பழைய உடம்பும் போய்விட்டது. திரையைப் பிடித்து உலுக்கினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மற்ற கோப்புகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, மனு, எதுவும் வாய் திறக்கவில்லை. பேச வந்த ஒன்றுக்கு நேர்ந்த கதியைப் பார்த்த பிறகு மற்றவை எப்படித் திறக்கும்? டீ குடித்துவிட்டு வந்த அண்ணாச்சி மட்டும், “இப்பத்தான் கடை நிம்மதியா இருக்கு” என்றார்.

ஐப்பசியில் தண்ணீர் ஏறியது. மூன்று சென்ட் கிடைத்தவர்கள் மேட்டில் வீடு கட்டினார்கள். உலகம்மாள் கால்வாய்க் கரையில் சாக்கும் ஓலையும் வைத்து மறைத்துக்கொண்டு, அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் முப்புடாதிக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அன்று முதல்தான் கோப்புகள் ஊமையாயின. மாற்றிகளும் எதை விட்டுவிட்டு வந்தாலும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன. வரிசையின் கடைசியில் எழுதப்பட்டவர்கள் மட்டும் அதை நம்பாமல், கோப்பைத் திறந்ததும் நேராக அடிக்குப் போய்த் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.