ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கிரைண்டர்

திருமங்கலத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கயற்கண்ணி அம்மா தியானம் சொல்லிக்கொடுத்துவந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவருடைய சீடர்களில் எல்லோருக்கும் மூத்தவர் சொக்கலிங்கம், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரைத்த மனிதர் தன் மகள் வயதுக்காரியை "அம்மா" என்று கும்பிடுவதை ஊரில் சிலர் கேலி செய்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கோபப்பட அவருக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு அவர் கொட்டகைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"மரகதம் எதுக்கும்மா போனா?"

மரகதம் அவர் மனைவி. சித்திரையில் மேலூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. போகும்போது சண்டை எதுவும் இல்லை. 'கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போன் செய்தால் எடுப்பார், சாப்பிட்டீங்களா என்று விசாரிப்பார். எப்ப வர்றே என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

"நான் கை நீட்டினதில்ல. குடிச்சதில்ல. அவளும் ஒரு வார்த்த எதிர்த்துப் பேசினதில்ல. அப்படிப்பட்டவ ஏன் போகணும்?"

அம்மா பெட்டியைப் பார்த்தார். "இது என்ன?"

"கிரைண்டர். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தா. ஆடித் தள்ளுபடில வாங்கிட்டு வந்தேன். புதுசு வந்திருக்குன்னு சொன்னா கெளம்பி வந்துருவான்னு ஒரு நெனப்பு. சுவிட்சப் போட்டா சுத்த மாட்டேங்குது. இப்ப மதுரைக்குப் போய் மாத்தணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு பதில் சொல்லுங்க."

"மதுரைக்கா? நானும் வர்றேன். எனக்கு ஒரு வாளி வேணும்."

சீடர் மனைவியைப் பற்றிக் கேட்டால் குரு வாளியைப் பற்றிச் சொல்கிறார். சொக்கலிங்கத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் குருவாயிற்றே. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைக்கு ஏழு மாடி. வாசலிலேயே கல்யாண வீட்டுக் கூட்டம். லிஃப்டுக்குள் காலை வைத்ததும் லிஃப்ட்காரர் கையை நீட்டி மறித்தார்.

"பொருளோட ஏறக் கூடாது சார். கஸ்டமர் மட்டும்தான்."

"நான் கஸ்டமர்தாங்க."

"அப்ப பெட்டிய வச்சுட்டு ஏறுங்க."

படியில் ஏறினார்கள். மூன்றாவது மாடியில் கிரைண்டர் விற்கும் பையன் பில்லை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"மாத்துறது எங்க செக்‌ஷன் இல்லைங்க. ஆறாவது மாடி."

சொக்கலிங்கத்துக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பத்திர ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் அவரே சொன்னதுதான். அது நினைவுக்கு வந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆறாவது மாடியில் இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டெலிவரி சீல் இல்லையே சார். கீழ போய் அடிச்சுட்டு வாங்க."

கீழே என்றால் கீழ்த்தளத்துக்கும் கீழே. அங்கே பொருளை ஒப்படைக்கும் இடத்தில் இருந்தவர் சிரித்தார்.

"பொருள் வெளிய போகும்போதுதான் சார் சீல் அடிப்போம். உள்ள வர்றதுக்கு அடிக்க மாட்டோம்."

"அப்ப வெளிய எடுத்துட்டுப் போறேன். அடிங்க."

"ஏற்கெனவே வித்த பொருளை எப்படி சார் திரும்ப வெளிய விட முடியும்?"

மறுபடியும் ஆறு மாடி. சொக்கலிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வழியில் அம்மா நான்காவது மாடியில் நின்று, நிதானமாக ஒரு சிவப்பு வாளியைத் தட்டிப் பார்த்து வாங்கினார். அந்த நிதானமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆறாவது மாடிக்கு வந்ததும் பெட்டியைத் தொம்மென்று தரையில் போட்டார்.

"என்னய்யா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? மனுசனப் பந்தாடுறீங்களா? எவன்யா இங்க பெரியவன்? கூப்பிடுய்யா அவன!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. டை கட்டிய மேனேஜர் ஓடி வந்தார். பில்லைப் பார்த்தார், சொக்கலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார், திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

"ஜெயசுதா! இங்க வா!"

நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

"இவதானே சார் உங்களுக்கு இத வித்தது?"

"இவளேதான்!" என்றார் சொக்கலிங்கம். "பல்லைக் காட்டிக் காட்டி என் தலையில கட்டினா. ஓட்டிக் காட்டுன்னு கேட்டதுக்கு, கம்பெனி பொருள் சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கன்னா. மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி! சோறுதானே திங்குற?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மூச்சு வாங்கும்வரை திட்டினார். பிறகு மேனேஜர் தன் பங்குக்குத் திட்டினார்.

"இன்னையோட உன்னை நிறுத்தியாச்சு. கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

அவள் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரத்துக் கதவு வழியாகப் போனாள். மேனேஜர் சொக்கலிங்கத்துக்கு ஒரு நாற்காலி போட்டார். குளிர்ந்த மோர் வந்தது.

"புது கிரைண்டர் கீழ ரெடியா இருக்கும் சார். ஓட்டிப் பார்த்தே எடுத்துட்டுப் போங்க."

படியில் இறங்கும்போது சொக்கலிங்கத்தின் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

"பாத்தீங்களாம்மா? கத்தினாத்தான் வேலை நடக்குது."

"நடந்துச்சே. இப்ப மனசு எப்படி இருக்கு?"

"நிம்மதியா இருக்கு."

நான்காவது மாடி வரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது மாடியில் அவள் கோட்டை மடித்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. கீழே போய்ப் புது கிரைண்டர் அவர் கண்ணெதிரே நன்றாகச் சுற்றியபோதும் அதில் அவருக்குக் கவனம் ஓடவில்லை.

"நெசமாவே நிறுத்திருவாங்களோ?"

"நிறுத்தியாச்சுன்னுதானே சொன்னாங்க."

"யாரு பெத்த பொண்ணோ. நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்மா. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் படியேறினார். அம்மா வாளியோடு பின்னால் வந்தார். இரண்டாவது மாடி, புடவைப் பிரிவு. அங்கே ஒரு சத்தம் கேட்டு நின்றார்கள். கிழிந்த புடவை ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி கத்திக்கொண்டிருந்தார். அவர் எதிரே அதே டை, அதே மேனேஜர். பக்கத்தில் நீலக் கோட்டோடு, தலையைக் குனிந்தபடி ஜெயசுதா.

"இவதானே மேடம் உங்களுக்கு இத வித்தது?"

"இவளேதான்!" என்றார் அந்தப் பெண்மணி.

"இன்னையோட உன்னை நிறுத்தியாச்சு. கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

சொக்கலிங்கம் படிக்கட்டுப் பக்கம் பின்வாங்கினார். ஓரத்துக் கதவு படிக்கட்டில்தான் திறந்தது. வெளியே வந்த ஜெயசுதா கோட்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டாள். அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"சார், மேனேஜர்ட்ட சொல்லிராதீங்க சார்."

"நீ... நீதானே எனக்குக் கிரைண்டர் வித்தது?"

"நான் எதையும் விக்கிறதில்ல சார். எனக்கு இதுதான் டூட்டி. யாராவது ஒருத்தர் திட்டு வாங்கினாத்தான் கஸ்டமர் நகருவாங்கன்னு என்னை வச்சிருக்காங்க."

சொக்கலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார். இவளேதான் என்று சொல்லியிருக்கிறார். பல்லைக் காட்டினாள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். பார்த்தே இராத முகம்.

அம்மா அவளிடம் கேட்டார். "எத்தனையோ பேரு இருக்க, உன்னை எதுக்கும்மா போட்டாங்க?"

"நான் எதிர்த்துப் பேச மாட்டேன்மா. அழவும் மாட்டேன். அழுதா கஸ்டமருக்குச் சங்கடமாயிரும்ல?"

"கஷ்டமா இல்லையா?"

அவள் கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"திட்டினது யாருன்னு மறந்துரும்மா. திட்டு மட்டும் மறக்காது."

மேலே எங்கேயோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கோட்டின் பொத்தானைப் போட்டபடி அவள் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொக்கலிங்கத்தால் சும்மா உட்கார முடியவில்லை. மடியில் இருந்த பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். கப்பலூர் வருவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன அக்கிரமம்மா இது! தப்பு அவங்களோடது. யாரோ பெத்த பொண்ண நடுவுல நிறுத்தி வச்சு, வர்றவன் எல்லாம் திட்டிட்டுப் போங்கன்னு விட்டுர்றது. அவ வாயத் தொறக்க மாட்டாங்கிறதுக்காகவே பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கான். இவனெல்லாம் மனுசனா?"

அம்மா வாளியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. இது அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான் ஐயா."

"பின்ன?"

"கடைய மூடினா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிரும். மரகதம்மாவுக்கு அந்த வேலையே வீட்டுலதான். அவங்க தங்கச்சி வீட்டுக்குத்தானே போகணும்?"