குருத்தைக் கட்டிக்கொண்ட மடல்கள்

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் வாய் இருந்தது. வெட்டினால் வலிக்கிறது என்று சொல்லும், தண்ணீர் போதாவிட்டால் சண்டைக்கு வரும். தெற்கே, கடலெல்லாம் தாண்டி, மாவோரி மக்கள் வாழ்கிற தீவில் ஹரகெகெ என்று ஒரு செடி உண்டு. பார்க்க நம் தாழை மாதிரியே இருக்கும். நீள நீளமாக மடல் விடும், சதுப்பில்தான் வளரும். பாயா, கூடையா, வலையா, கயிறா, குளிருக்குப் போர்வையா, அந்த ஊரில் எல்லாம் அதன் மடலில்தான். ஆனால் அந்த நாளில் அதன் மடல்கள் ஒன்றையொன்று தொடாமல், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரித் தள்ளித் தள்ளி நிற்கும்.

அந்தச் சதுப்போரத்தில் ஹினெகுரா என்று ஒருத்தி இருந்தாள். முடைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைவிடப் பெரிய பேர் அவளுடைய விருந்துபசாரத்துக்கு. வந்தவர் வயிறு நிறையாமல் போனால் அவளுக்குத் தூக்கம் வராது. வெறுங்கையோடு ஒருவர் வாசல் தாண்டிவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள். அவ்வளவு நல்லவள், பாவம்.

ஊர் முழுக்க நம்பியிருந்தது ஒரே ஒரு புதரை. அதில் இருபது முப்பது கற்றைகள். ஒவ்வொரு கற்றைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் குருத்து, அதற்கு இரண்டு பக்கமும் தாய் மடலும் தகப்பன் மடலும். வெளியே நிற்பதெல்லாம் தாத்தன் பாட்டன்மார். ஹினெகுரா வெட்டப் போனால், "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். "ஓரத்துல நிக்கிற பெரியவங்களை எடுத்துக்கோ, அவங்க வாழ்ந்து முடிச்சவங்க" என்று செடி சொல்லும். அந்த மட்டோடு வெட்டிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் தெற்குக் கரையிலிருந்து ஒரு படகு வந்தது. அதில் ரேவா என்ற இளம்பெண்ணும், அவள் முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தையும். அவள் ஊர்ப்பக்கம் ஹரகெகெ கிடையாது. அங்கே வாடை பொல்லாதது. போன குளிர்காலத்தில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும், அதற்கு ஒரு போர்வை முடையக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ஹினெகுராவுக்கு மனசு உருகிப்போயிற்று. அந்த ஊர் வழக்கப்படி ரேவாவின் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து, ஒரே மூச்சை அவளோடு பகிர்ந்துகொண்டாள். பிறகு சுட்ட கிழங்கும் மீனும் வைத்துத் திணற அடித்தாள். கையோடு புதரிடம் ஓடிப்போய், "இதோ பாரு, ரொம்ப தூரத்துலேர்ந்து விருந்தாளி வந்திருக்கா. அவ என்ன கேட்டாலும் இல்லேன்னு வாயைத் திறக்காதே. என் மானத்தைக் காப்பாத்து" என்றாள்.

"என்ன கேட்டாலுமா?" என்றது தாய் மடல்.

"என்ன கேட்டாலும்!" என்றாள். சரி என்று செடியும் வாக்குக் கொடுத்தது.

நான்கு நாள் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். மடலைக் கீறுவது, சிப்பி ஓட்டால் சுரண்டி நார் எடுப்பது, முடிச்சு, விளிம்பு, ஒன்றையும் ஒளிக்கவில்லை. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தவளிடம் போய் அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்றால் நன்றாகவா இருக்கும்? தானே வெட்டிக்கொண்டு வந்து கொடுத்துச் சமாளித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை, வழியனுப்பும் விருந்துக்குச் சிப்பி பொறுக்க ஹினெகுரா கடற்கரைக்குப் போனாள். ரேவாவுக்கு ஓர் ஆசை. இத்தனை செய்த அக்காவுக்குத் தன் கையால் ஏதாவது முடைந்து கொடுக்க வேண்டும். கத்தியை எடுத்துக்கொண்டு சதுப்புக்குப் போனாள். ஓர மடல்கள் முரடு. நடுவில் இருந்தது வெண்ணெயாக இருந்தது. நல்லவர்களுக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்! "இதை எடுத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கவும் செய்தாள். செடி நடுங்கியது, ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே. ரேவா ஒவ்வொரு கற்றையிலும் குருத்தை அறுத்துக்கொண்டே போனாள்.

ஹினெகுரா திரும்பி வந்தபோது வாசலில் ரேவா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளை வெளேரென்று பாதி முடைந்த தோள்பட்டி.

"அக்கா, உங்களுக்குத்தான்! ஒரு இழை குறையுது, இதோ வந்துடறேன்."

சிப்பிக் கூடை கையிலிருந்து நழுவியது. தென்னையில் குருத்தைக் கிள்ளினால் மரம் என்னாகும் என்று நமக்குத் தெரியும் அல்லவா, அதே கதிதான். கூடையைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினாள். கற்றைக்குக் கற்றை நடுவில் பிசின் வழிந்துகொண்டிருந்தது. அடுத்த குளிருக்குள் எல்லாம் பட்டுப்போகும். கடைசியில், சேற்றுக்குள் தள்ளி, ஒரே ஒரு குருத்து மட்டும் மிச்சம்.

"ஏன் தடுக்கலே?" என்று அலறினாள்.

"நீதானே வாயைத் திறக்காதேன்னே" என்றது தாய் மடல்.

பின்னாலேயே ரேவா வந்துவிட்டாள், கையில் கத்தியோடு. சேற்றில் இறங்கி, அந்தக் கடைசிக் குருத்தின் மேல் கையை வைத்தாள். இல்லை என்ற சொல்லை ஹினெகுரா எந்த விருந்தாளியிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் ஊருக்கு வலையும் இல்லை, கயிறும் இல்லை, போர்வையும் இல்லை. சேற்றில் தொப்பென்று மண்டிபோட்டுக் குருத்தைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். இதைத் தரமாட்டேன்."

ரேவாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒரு இலைக்கா அக்கா? வீட்டுக்கு வந்தவகிட்ட இப்படியா சொல்றது?"

"இலை இல்லேடி. இது பிள்ளை. ரெண்டு பக்கமும் நிக்கிறது அதைப் பெத்தவங்க. மீதியை எல்லாம் நீ அறுத்துட்டே."

ரேவா புதரைத் திரும்பிப் பார்த்தாள். முதுகில் குழந்தை சிணுங்கியது. கத்தி சேற்றில் விழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அல்லவா, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "முதல்லேயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சொல்லியிருக்கணும். விருந்தாளின்னு வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னோடதுதான், உன்னோடது இல்லே. இப்போ வீட்டு மனுஷியா நினைச்சுச் சொல்றேன், கேட்டுக்கோ" என்று ஹினெகுரா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரேவா ஊருக்குப் போகவில்லை. பிள்ளையை ஹினெகுராவின் பழைய போர்வையில் சுற்றிவைத்து, அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் மாறி மாறி அந்தக் கடைசிக் கற்றைக்கு வாடைபடாமல் மறைப்புக் கட்டிக் காவல் காத்தார்கள். பக்கக்கன்று விட்டு, அது மறுபடி புதராக ஏழு வருஷம் ஆயிற்று. அதில் முடைந்த முதல் போர்வை ரேவாவின் பிள்ளைக்குத்தான்.

அந்தக் கடைசிக் கற்றையின் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் பயம் தெளியவே இல்லை. வாயை நம்பிப் பயனில்லை என்று பேச்சை விட்டுவிட்டு, அடியில் நெருங்கி வந்து, பிள்ளையை நடுவில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டன.

அன்று முதல்தான் ஹரகெகெயின் மடல்கள் அடியில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன. அன்று முதல்தான், இன்றைக்கு விமானத்தில் வந்து இறங்கி, பட்டணத்து வகுப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முடையக் கற்றுக்கொள்கிறவருக்கும், கத்தியைக் கையில் கொடுக்கும் முன்னால் நடுக்குருத்தைக் காட்டி "இதைத் தொடாதே" என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவர் அந்த வீட்டு மனுஷர்.