மாமனார் முறுக்கின செம்புக் கம்பி

“அம்மணி, இந்த ஒரு பெட்ரோல் டியூப்பை மட்டும் மாத்தாம வண்டியை ஓட்ட முடியாதுங்களா?”

கேட்டவர் நாச்சிமுத்து மேஸ்திரி.

“தாராளமா ஓட்டலாமுங்க” என்றாள் கோகிலவாணி.

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். “எவ்வளவு தூரம் ஓட்டலாமுங்க?”

“டியூப் விட்டுப்போற வரைக்கும்.”

பல் உள்ளே போய்விட்டது.

*

கோகிலவாணிக்குச் சிங்காநல்லூரில் பட்டறை. பழைய கார்கள் அங்கே தள்ளிக்கொண்டு வரப்படும், ஓட்டிக்கொண்டு போகப்படும். நாற்பதைத் தாண்டியவள். பேச்சு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பாதி குத்தல்.

மேஸ்திரி அவளைவிட இருபது வயது மூத்தவர். மில்லில் தறி ரிப்பேருக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றார். எந்த மிஷினும் அவர் கைக்கு அடங்கும். அவர் யார் பேச்சுக்கும் அடங்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் அவளிடம் சிஷ்யனாக வந்து நின்றார்.

“கார் வேலை கத்துக் குடுங்க அம்மணி. எங்கையாலயே இந்த வண்டியை எழுப்போணும்.”

“இங்க நிறுத்திக்கங்க. சாமானெல்லாம் எடுத்துக்கங்க. கேட்டாச் சொல்றேன். ஆனா உங்க வண்டியில நான் கை வைக்க மாட்டேன்.”

“அதென்னுங்க அப்படி?”

“நான் கை வெச்சா அது என் வண்டி ஆயிருமுங்க.”

*

வண்டி மேஸ்திரியின் மாமனாருடையது. மோரிஸ் மைனர். அவர் கண்ணை மூடிய நாளிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. எலி குடும்பம் நடத்தியது.

அதை இப்போது எழுப்ப வேண்டி வந்ததற்குக் காரணம் தெய்வானை. மேஸ்திரியின் மனைவி.

தெய்வானைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சொட்டு மருந்து விட்டாயிற்று, ஆபரேஷனும் பண்ணியாயிற்று. மிச்சமிருக்கிற பார்வை இந்த வருஷம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அழுது முடித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எங்கய்யன் வண்டியில முன்னாடி உக்காந்துக்கிட்டு, மருதமலை வரைக்கும் ரோட்டைப் பாத்துட்டே போகோணுமுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அதுதான். மேஸ்திரி மறுநாளே தார்ப்பாயை உருவினார்.

*

மற்ற வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது.

பின்னாலிருக்கிற டேங்க்கைக் கழற்றிக் கழுவினார். டேங்க்கிலிருந்து முன்பக்கத்துப் பம்ப் வரைக்கும் வண்டிக்கு அடியில் ஓடுகிற பெட்ரோல் குழாய் துருப்பிடித்திருந்தது. பிய்த்து எறிந்துவிட்டுப் புதுசு வளைத்துப் போட்டார்.

பம்ப்பிலிருந்து கார்ப்பரேட்டர் வரைக்கும் ஒரு ரப்பர் டியூப். ஒரு முழம்கூட இருக்காது. மேலே நூல் பின்னின உறை. அதற்கு நேர் கீழே, எஞ்சின் ஓடினால் கொதிக்கிற புகைக்குழாய்.

அந்த ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை.

“இரும்புக் குழாயை மாத்தறப்ப மனசு வலிக்கலீங்களா?” என்றாள் கோகிலா.

“அது கம்பெனி போட்டதுங்க. இது எம் மாமனார் கட்டினது. இந்தாங்க, பாருங்க.”

டியூப்பின் இரண்டு முனையிலும் செம்புக் கம்பி. கிளிப் கிடையாது. பூத்தொடுக்கிற மாதிரி முறுக்கி முறுக்கி, கடைசியில் ஒரு கண்ணி வைத்து மடித்திருந்தது.

“இந்த முடிச்சு அவரைத் தவிர யாருக்கும் வராது. இந்த வண்டியில அவரு கை பட்டது இதுதானுங்க மிச்சம். நான் அறுத்துட்டா தெய்வானை மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

“அக்காகிட்டக் கேட்டீங்களா?”

“வண்டி முடியற வரைக்கும் அவகிட்ட எதையும் காட்டறதில்லைனு வெச்சிருக்கேன். ஒரேயடியாக் கூட்டிட்டு வந்து நிறுத்தோணுமுங்க.”



மேஸ்திரி தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து டியூப்பைத் துடைத்தார். தினமும் துடைப்பார். குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற பக்குவம். டியூப் பளபளவென்று மின்னியது.

*

அடுத்த நாள் கோகிலா குப்பைப் பீப்பாயிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து வந்தாள். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது.

“மடிங்க.”

மேஸ்திரி மடித்தார். படக்கென்று உடைந்தது. உள்ளே கரிக்கட்டை போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது வேற டியூப்புங்க அம்மணி” என்றார் மேஸ்திரி.

“ஆமாங்க. இது வேற டியூப்.”

கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

*

டேங்க்கில் பெட்ரோல் ஊற்றிய அன்றைக்கு மேஸ்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சினைக் கிளப்பவில்லை. பூஜை போடாமல், கற்பூரம் காட்டாமல் முதல் முதலாக ஸ்டார்ட் பண்ணுவதாவது! சாவியை மட்டும் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

பம்ப் பேசியது. டிக்டிக்டிக்டிக் என்று மூச்சு விடாமல் அடித்தது. பிறகு டிக், டிக் என்று நிதானித்தது. பிறகு நின்றது.

“கார்ப்பரேட்டர் நெறஞ்சு நெம்பிருச்சுங்க” என்றார் மேஸ்திரி.

கொஞ்ச நேரம் கழித்து, டிக்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி டிக்.

“அம்மணி! இங்க வந்து கேளுங்களேன்! உசிரு வந்துருச்சு! நெஞ்சு அடிக்குது பாருங்க!”

கோகிலா வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“எஞ்சின் ஓடுதுங்களா?”

“இல்லீங்க.”

“கார்ப்பரேட்டர் நெம்பிருச்சுங்களா?”

“நெம்பிருச்சுங்க. அதானே பம்ப் நின்னுது.”

டிக்.

“அப்ப இப்ப யாருக்கு ஊத்துது?”

மேஸ்திரி குனிந்து பம்ப்பைப் பார்த்தார்.

“பதில் கெடைக்கறப்ப வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் வேறு வண்டிக்குப் போய்விட்டாள்.

சாவியை எடுத்துவிட்டு மேஸ்திரி எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்தார். புதுக் குழாய் காய்ந்திருந்தது. பம்ப் காய்ந்திருந்தது. மாமனாரின் டியூப்பில் மட்டும் முடிச்சுக்குக் கீழே லேசாக ஈரம். அது அவர் தடவின எண்ணெய். துணியை எடுத்து ஒற்றிவிட்டுப் போனார்.

*

மத்தியானம் தெய்வானை சோறு போட்டாள். குழம்புக் கரண்டியைக் கையால் துழாவித்தான் எடுத்தாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏனுங்க, தோள்ல என்ன துண்டு?”

“எண்ணெய் தொடைக்கிற துணி.”

“என்ன எண்ணெய்?”

“தேங்கா எண்ணெய்தான், வேறென்ன.”

“தேங்கா எண்ணெய்க்கு ஏன் இந்தப் பெட்ரோல் நாத்தம்?”

“பட்டறையே அப்படித்தான் நாறும்” என்றார் மேஸ்திரி. ஆனால் அடுத்த கவளம் உள்ளே போக நேரம் ஆனது.

*

சாயங்காலம் போய் நின்றார்.

“பதில் கெடைச்சுதுங்களா?” என்றாள் கோகிலா.

“பழைய பம்ப்பு அம்மணி. அதுபாட்டுக்கு அடிக்கும். வயசானவங்க தனக்குத்தானே பேசறதில்லையா, அந்த மாதிரி.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மனசறிந்து சொல்கிற பொய் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“சரிங்க. அப்ப வண்டி முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை பூஜை போட்டுருங்க. அக்காவைக் கூட்டிட்டு வாங்க.”

மேஸ்திரிக்கு நம்ப முடியவில்லை. “நெசமாலுமா சொல்றீங்க?”

“நீங்கதானே முடிஞ்சுதுன்னு சொல்றீங்க.”

*

வெள்ளிக்கிழமை தெய்வானை அரக்குப் புடவை கட்டி வந்தாள். வண்டியின் மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனாள். அப்புறம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

“அதே பச்சைங்களா?”

“அதே பச்சைதான்.”

“எனக்குத் தெரியுதுங்க. நல்லாத் தெரியுது.”

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாக இருந்தது. அதற்கு அடியில், எங்கேயோ, பயமாகவும் இருந்தது.

வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தெய்வானையைக் கைபிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தார்.

கோகிலா எஞ்சின் மூடியைத் திறந்து நிறுத்தினாள். ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்து மேஸ்திரி கையில் கொடுத்தாள். மணல் வாளி ஒன்றைக் காலால் தள்ளிப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு ஒரு தீப்பெட்டியை நீட்டினாள்.

அந்தப் பட்டறையில் தீப்பெட்டி என்ற சாமானை மேஸ்திரி கண்டதே இல்லை. சட்டைப்பையில் பீடிக்கட்டு தெரிந்தாலே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

“அக்கா, கையெட்டற தூரத்துல சாவி இருக்குது. திருப்புங்க.”

தெய்வானை துழாவித் திருப்பினாள்.

டிக்டிக்டிக்டிக். டிக், டிக். நின்றது.

“ஏத்துங்க மேஸ்திரி” என்றாள் கோகிலா. “எஞ்சினுக்கு நல்லாக் காட்டுங்க. அவசரமே இல்லீங்க.”

மேஸ்திரி தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தார். தீப்பெட்டியில் கட்டைவிரலை வைத்தார்.

பட்டறையில் சத்தமே இல்லை. வெளியே போன பஸ்கூடத் தூரமாகப் போய்விட்டது.

டிக்.

கட்டைவிரல் நகரவில்லை.

மேலே டியூப்பில் செம்பு முடிச்சு. அன்றைக்குக் காலையில் அவர் எண்ணெய் தடவவில்லை. பூஜை அவசரத்தில் மறந்துபோயிருந்தார். முடிச்சுக்குக் கீழே ஈரம் திரண்டு நின்றது.

டிக்.

அது சொட்டியது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெய்வானை ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

“தெய்வானை, சாவியைத் திருப்பி அணைச்சுடு!” மேஸ்திரிக்குக் குரல் உடைந்துபோயிற்று. “எறங்கு. மொதல்ல கீழ எறங்கு!”

தட்டைத் தரையில் வைத்தார். தீப்பெட்டி நழுவி விழுந்து திறந்துகொண்டது.

உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

“என் பட்டறையில தீக்குச்சி வைப்பனுங்களா?” என்றாள் கோகிலா.

மேஸ்திரி கீழே உட்கார்ந்துவிட்டார்.

*

தெய்வானை வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள். “என்னாச்சுங்க? ஏன் எறக்கிட்டீங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே!”

“டியூப் ஒழுகுது தெய்வானை. பெட்ரோல் டியூப்.”

“ஒழுகினா மாத்தறதுதானுங்களே?”

“உங்கய்யன் கட்டினதும்மா. அவரு முறுக்கின செம்புக் கம்பி, அவரு போட்ட முடிச்சு. அதை அறுக்க எனக்கு மனசு வரலை. நீ வருத்தப்படுவேன்னு...”

தெய்வானைக்கு முதலில் புரியவில்லை. குனிந்து, கையை நீட்டி, டியூப்பைத் தேடினாள். முடிச்சு விரலில் பட்டது. கண்ணியை ஒரு தரம் தடவினாள். சிரித்துவிட்டாள்.

“ஐயோ, இதையா கட்டிக் காத்தீங்க! எங்கய்யன் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதை அறுத்துக் கடாசிட்டுப் புது டியூப் கட்டுவாருங்க. கட்டி முடிச்சப்புறந்தான் பொட்டு, கற்பூரம் எல்லாம். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் மில்லில் தறிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதே” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல். “எனக்கு யாரும் சொல்லலையே.”

“நீங்க எங்க கேட்டீங்க?”

அவர் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அய்யன் அறுக்கறப்ப பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் குடுக்கிறதுதான் எம்பட வேலை” என்றாள் தெய்வானை. “கண்ணு, கத்தி இருக்குதா?”

கோகிலா அவள் உள்ளங்கையில் கத்தியை வைத்தாள்.

தெய்வானை அதைத் தடவிப் பார்த்தாள். எது பிடி, எது முனை என்று விரலாலேயே கண்டுபிடித்தாள். பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“இந்தாங்க.”