ஜெசிந்தா எடுத்த கல்

அரியலூர்ப் பக்கத்தில் கல்லாகிப்போன பழங்காலத்துக் கடல் உயிர்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூட்டம் நடக்கும். எந்த ஓடையில் என்ன கிடைத்தது என்று பேசுவார்கள். கற்களை மேசையில் பரப்பிக் காட்டுவார்கள். அவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் ரஹமத்துன்னிசா டீச்சர். கல்லூரியில் நிலவியல் பாடம் எடுப்பவர்.

வேதநாயகம் மின்வாரியத்தில் லைன்மேன். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்கும்போது கைகட்டித்தான் நிற்பார். ஓடைகளுக்குப் போகும்போது மகள் ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போவார். ஐப்பசியில் டெங்குக் காய்ச்சல் வந்து அந்தப் பிள்ளை போய்விட்டது. பதினோரு வயது. அதற்குப் பிறகு வேதநாயகம் கூட்டத்துக்கு வருவதில்லை.

பங்குனியில் ஒருநாள் பிற்பகல் அவர் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். முகமெல்லாம் தாடி. துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கல்லை மேசைமேல் வைத்தார். நத்தைபோலச் சுருண்ட கல், உள்ளங்கை அளவு.

“பாப்பா எடுத்தது. கடைசியா காரை ஓடைக்குப் போனோமே, அன்னைக்கு.”

டீச்சர் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புது இனம்தானே டீச்சர்?”

டீச்சர் லென்ஸைக் கீழே வைத்தார்.

“புது இனமா இருந்தா எடுத்தவங்க பேரை வைக்கிறது உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. பாப்பா பேரை வைக்கணும்.”

டீச்சர் எழுந்து போய் ஓர் இழுப்பறையைத் திறந்தார். அதே சுருள், அதே வரிகள். இழுப்பறை நிறைய அதே கற்கள். வேதநாயகம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் கீழே வைத்தார்.

“நீங்க புதுசுன்னு சொன்னா யாரு மறுக்கப் போறா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. பேப்பர்ல போடுவாங்க. அவ அம்மா வெட்டி வச்சுக்குவா. கல்லுக்கு வலிக்கவா போகுது?”

“சொல்லிடலாம் அண்ணே. நாளைக்கு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, இது பழைய இனம்னு பேரை எடுத்துடுவார். அன்னைக்கு இன்னொரு தடவை புள்ளையப் பறிகொடுக்கணும். தாங்குவீங்களா?”

வேதநாயகம் பாப்பாவின் கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப, சாதாரணக் கல்லுதானா?”

“சாதாரணக் கல்லுதான்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லைத் துண்டில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். சொல்லிக்கொள்ளாமலே வாசல்வரை போய்விட்டார்.

“பாப்பா இதை எப்படி எடுத்தா?” என்று டீச்சர் கேட்டார்.

வேதநாயகம் திரும்பாமல் நின்றார்.

“செருப்பு அறுந்து போச்சு. இனிமே நடக்க மாட்டேன்னு ஒரு மேட்டுல உக்காந்துட்டா. குத்துதுப்பா குத்துதுப்பான்னு கத்தினா. முள்ளுன்னு நினைச்சு நான் ஓடுறேன், இவ கீழ கையை விட்டு இதை எடுக்கறா.” மூச்சு வாங்கினார். “தாத்தாவவிட வயசானதாப்பான்னு கேட்டா. ஆமாம்மான்னேன். உடனே எழுந்து நின்னு, மன்னிச்சுக்கங்க, உங்க மேல உக்காந்துட்டேன்னு கல்லுக்குக் கும்பிடு போட்டா.”

சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்தவாறே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதார். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாதவர். டீச்சர் தேற்றவில்லை. பக்கத்தில் வந்து, அழுது தீரும்வரை நின்றார்.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. நீங்கதான் பேசறீங்க.”

“ஊர்ப்பட்டது கிடக்கிற கல்லு. இதைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது?”

“கல்லைப் பத்தி நான் சொல்லிக்கிறேன்” என்றார் டீச்சர்.